வலிக்குப் போட்ட மாத்திரை

11 ஜனவரி 2024

காலையில் புல்லெல்லாம் வெள்ளையாகக் கிடந்தது. மாட்டுப்பட்டிப் பக்கம் மைனஸ் ஒன்று என்று சரஸ்வதியம்மாள் சொன்னாள். எஸ்டேட் குடியிருப்பு லைனில் என் பக்கத்து வீடு அவளுடையது. பதினெட்டு வருஷமாக நானும் அவளும் அடுத்தடுத்த நிரையில் தேயிலைக் கொழுந்து எடுக்கிறோம். உறைபனி விழுந்த செடிகள் கருகி நின்றதால் இன்று எங்களைக் கீழ்ச் சரிவுக்கு அனுப்பினார்கள்.

இடுப்பு வலி விடவில்லை. ஏறும்போது பரவாயில்லை. இறங்கும்போது தொடை எலும்புக்குள் யாரோ திருகுவது போல இருக்கிறது. மூட்டையை எடை போடும் இடத்துக்குக் கொண்டு போவதற்குள் மூன்று முறை இறக்கி வைத்தேன். நான் நடப்பதைப் பார்த்து லைன் பிள்ளைகள் வாத்து என்று சிரிக்கிறார்கள். எனக்கும் சிரிப்புதான் வந்தது. ஆனால் நாற்பத்து நாலு வயசுக்கு இது கொஞ்சம் சீக்கிரம் இல்லையா?

நிமி கொடுத்துவிட்டுப் போன வலி மாத்திரையைப் போட்டேன். அரை மணியில் அடங்கியது. மகளைக் கோயம்புத்தூரில் நர்சிங் படிக்க வைத்ததில் இப்படியும் ஒரு பலன்.

2 பிப்ரவரி

தேனிக்குப் போய் வந்தேன்.

இந்த நோட்டை என்னைத் தவிர யாரும் தொடப் போவதில்லை. ஆனாலும் பதினாலு வருஷமாக ‘தேனி மாத்திரை’ என்றுதான் எழுதி வருகிறேன். இன்று பஸ்ஸில் போடிமெட்டு இறங்கும்போது நினைத்தேன், எனக்கு நானே எதற்கு ஒளிக்கிறேன் என்று. எழுதிவிடுகிறேன்.

எச்.ஐ.வி.

எழுதியாயிற்று. கூரை இடிந்து விழவில்லை.

என் வீட்டுக்காரர் செபாஸ்டின் 2010-ல் போனார். லைனில் எல்லோருக்கும் அது காசநோய். காசநோயும் இருந்தது, பொய்யில்லை. அதற்குப் பிறகுதான் எனக்குப் பரிசோதனை செய்தார்கள். நிமிக்கும் செய்தார்கள், அப்போது ஏழு வயசு. அவளுக்கு இல்லை என்று சொன்ன அன்று போடி பஸ் ஸ்டாண்டில் அவளுக்கு இரண்டு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தேன். எதற்கென்று அவளுக்கு இன்றுவரை தெரியாது.

மூணாறு பக்கமே மாத்திரை வாங்க வழி உண்டு. தெரிந்த முகம் யாராவது பார்த்துவிட்டால்? அதனால் மலை இறங்கி தேனி ஏ.ஆர்.டி. சென்டருக்குப் போகிறேன். லைனில் போடி அக்கா வீட்டுக்கு என்று சொல்வேன். தினம் ஒன்பது மணிக்கு ஒரு மாத்திரை. ஒரு நாளும் தவறவிட்டதில்லை. வைரஸ் ரத்தத்தில் கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு அடங்கிக் கிடக்கிறது என்று போன வருஷத்துக்கு முந்தின வருஷமே சொன்னார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு.

சென்டரில் கவுன்சலர் சித்ரா இன்றும் சத்தம் போட்டாள். போன வருஷம் முழுக்க ரத்தம் கொடுக்காமல் ஓடிவிட்டேனாம். ரத்தம் கொடுத்துக் காத்திருந்தால் மூணாறு பஸ் போய்விடும் என்றேன். இன்றும் கொடுக்கவில்லை. மூன்று மாத மாத்திரையை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

9 மார்ச்

சிறுநீர் சோப்புத் தண்ணி மாதிரி நுரைக்கிறது. தண்ணீர் குடிக்காததால் இருக்கும். மலையில் எங்கே போய் ஒதுங்குவது? காலையில் ஒரு டீயோடு சரி, வீடு திரும்பும்வரை யாரும் குடிப்பதில்லை. எல்லாப் பெண்களும் அப்படித்தான்.

ஆனால் எனக்கு மட்டும் இப்போது தாகம் அடங்கவே மாட்டேன் என்கிறது.

31 மார்ச், ஈஸ்டர்

நிமி வந்திருக்கிறாள். பூசை முடிந்து வந்ததும் என்னைக் கட்டிலில் உட்கார வைத்து, காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, கணுக்காலிலிருந்து இடுப்புவரை ஒவ்வொரு இடமாக அமுக்கிப் பார்த்தாள். எங்கே வலிக்குது, எப்ப வலிக்குது, ஓய்வெடுத்தா குறையுதா என்று கேள்வி மேல் கேள்வி. நோயாளியிடம் கேட்பது போலவே கேட்டாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

வேலை செய்து தேய்ந்த மூட்டு என்று முடிவு கட்டினாள். முன்பு கொடுத்ததைவிட வீரியமான மாத்திரை கொண்டு வந்திருக்கிறாள். காலையில் ஒன்று, இரவு ஒன்று, கூடவே வயிற்றுப் புண் வராமல் இருக்க ஒன்று.

வேற ஏதாவது மாத்திரை சாப்பிடுறியாம்மா என்றும் கேட்டாள்.

இல்லை என்றேன்.

22 ஏப்ரல்

முகம் வீங்குகிறது. காலையில் கண் திறக்கக் கஷ்டம். பத்து மணிக்கெல்லாம் வற்றிவிடுகிறது. அதனால் யாரும் கவனிக்கவில்லை.

3 மே

இந்தத் தடவை சித்ரா விடவில்லை. என் பையை வாங்கித் தன் மேஜைக்குக் கீழே வைத்துக்கொண்டாள். ரத்தம், சிறுநீர் இரண்டும் கொடுத்தால்தான் மாத்திரையும் பையும் என்றாள். கொடுத்தேன். பஸ் போய்விட்டது. போடியில் அக்கா வீட்டில் இருந்து எழுதுகிறேன். லைனில் சொன்ன பொய் ஒரு தடவையாவது உண்மையாகட்டும்.

6 மே

சித்ரா போன் செய்தாள். நாளைக்கே வாங்க அக்கா, துணி எடுத்துட்டு வாங்க என்றாள். எதற்குத் துணி என்று கேட்டதற்கு, டாக்டர் சொல்வார் என்று மட்டும்.

7 மே, தேனி

வார்டில் படுத்திருக்கிறேன். கையில் ஊசி இருக்கிறது, எழுத்து கோணலாக வருகிறது.

கிரியாட்டினின் 3.4. ஒன்றைச் சுற்றி இருக்க வேண்டுமாம். ரத்தத்தில் இருக்கும் கழிவைச் சிறுநீரகம் ஒழுங்காக வெளியேற்றுகிறதா என்று சொல்லும் எண் அது. என் சிறுநீரகங்கள் கால் பங்குகூட வேலை செய்யவில்லை. இரண்டு நாளில் இறங்காவிட்டால் டயாலிசிஸ் யோசிக்க வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னார். மெதுவாகத்தான் சொன்னார். ஆனா சொல்லிட்டாங்களே.

டயாலிசிஸ்னா வாரத்துக்கு ரெண்டு மூணு தடவை. வாழ்நாள் பூரா. மலையிலேர்ந்து எப்படி இறங்கி வருவேன்? வேலை? நிமிக்கு இன்னும் ஒரு வருஷம் படிப்பு இருக்கே. அவகிட்ட என்னன்னு சொல்றது?

இப்போது அவளுக்குப் பரீட்சை நேரம். பெரியம்மாவுக்கு உடம்பு சரியில்லை, கூட இருக்கிறேன் என்று போனில் சொன்னேன். எத்தனை பொய்.

9 மே

டாக்டரம்மா இன்று நாற்காலி இழுத்துப் போட்டு உட்கார்ந்து விளக்கினார். எனக்குப் புரிந்தவரை எழுதி வைக்கிறேன்.

நான் சாப்பிடுகிற ஒரு மாத்திரைக்குள் மூன்று மருந்து இருக்கிறது. அதில் டெனோஃபோவிர் என்று ஒன்று. நல்ல மருந்துதான், ஏராளமான பேருக்கு ஒன்றும் செய்யாது. சிலருக்கு மட்டும் சிறுநீரகத்தைப் பிடிக்கும். அதைக் கண்டுபிடிக்கத்தான் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் எடுப்பது. நான் பஸ்ஸைப் பிடிக்க ஓடிய ஓட்டத்தில் தவறியது அதுதான்.

சிறுநீரகம் பழுதானால் எலும்புக்கு வேண்டிய பாஸ்பேட் சத்து உடம்பில் நிற்காமல் சிறுநீரில் போய்விடுமாம். எலும்பு இளகிப் போகும். இடுப்பும் தொடையும் வலிக்கும், நடை மாறும்.

“அப்ப இந்த வலி கொழுந்து மூட்டை தூக்கினதால இல்லையா?” என்று கேட்டேன்.

“வலியே அங்கேருந்து வந்ததுதாம்மா. அதுக்கு ஏதாவது மாத்திரை போட்டீங்களா?”

சொன்னேன். பெயரைச் சொன்னதும் அவர் பேனாவை மூடி வைத்தார். அந்த வகை வலி மாத்திரைகள் ஏற்கெனவே அடிபட்ட சிறுநீரகத்தை இன்னும் அடிக்கும். கிட்னி கெட்டு வலி வந்தது, வலிக்கு மாத்திரை போட்டேன், மாத்திரையால் கிட்னி இன்னும் கெட்டது.

யார் கொடுத்தது என்று கேட்டார். கடையில் நானே வாங்கினேன் என்றேன்.

நிமிக்கு இது தெரியவே கூடாது. மாதா, இது ஒண்ணு மட்டும் அவளுக்குத் தெரியக் கூடாது.

11 மே

3.1. இறங்குகிறது. டயாலிசிஸ் இப்போதைக்கு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். பக்கத்துக் கட்டில் பெண் எனக்காகக் கை தட்டினாள்.

14 மே

2.8. அனுப்பிவிட்டார்கள். டெனோஃபோவிரை எடுத்துவிட்டு அபகாவிர் என்று வேறு மருந்து கொடுத்திருக்கிறார்கள். பாஸ்பேட் தூள், வைட்டமின் மாத்திரை. தண்ணீர் குடிக்க வேண்டும். வலி மாத்திரை இனி வாழ்நாளில் கிடையாது, பாரசிட்டமால் மட்டும். புது மருந்தில் சிலருக்குக் காய்ச்சலும் தடிப்பும் வருமாம். வந்தால் உடனே கூப்பிடவேண்டும் என்று சித்ரா மூன்று தடவை சொல்லி, என்னையும் திருப்பிச் சொல்ல வைத்தாள்.

23 மே

கையெல்லாம் தடிப்பு! முழங்கைக்குக் கீழே சிவந்து அரிப்பு தாங்கவில்லை. உடனே சித்ராவைக் கூப்பிட்டேன். காய்ச்சல் இருக்கா, வாந்தி இருக்கா, மூச்சு வாங்குதா என்று கேட்டாள். இல்லை. வேற எங்கயாவது தடிப்பு இருக்கா? இல்லை. இன்னைக்கு என்ன வேலை பார்த்தீங்க? வீட்டுக்குப் பின்னால் புதர் வெட்டினேன்.

போட்டோ அனுப்பச் சொன்னாள். அனுப்பினேன். கம்பளிப்பூச்சி அக்கா அது, தேங்காய் எண்ணெய் போடுங்க என்று சிரித்தாள். இருந்தாலும் இரண்டு நாளைக்குக் காலையும் மாலையும் அவளே கூப்பிடுகிறேன் என்றாள். ஒரு பூச்சியைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்பட்டது வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை.

10 ஜூன்

பீல்டு ஆபீசர் பினு சாரிடம் இலகுவான வேலை கேட்டேன். டாக்டர் சீட்டு வேண்டும் என்றார். என்னிடம் இருக்கிற சீட்டில் ஏ.ஆர்.டி. சென்டர் முத்திரை இருக்கிறது. அதைக் காட்டினால் ஒரு வாரத்தில் எஸ்டேட் முழுக்கத் தெரிந்துவிடும். போன வாரம் சித்ராவிடம் கேட்டு, கிட்னி டாக்டரிடமிருந்து தனியாக ஒரு சீட்டு வாங்கி வைத்திருந்தேன். அதைக் கொடுத்தேன். ‘சிறுநீரகக் கோளாறு, பளு தூக்கக் கூடாது’ என்று மட்டும் இருக்கும்.

அவர் படித்துவிட்டு நர்சரிக்கு மாற்றினார். இனி நாற்றுக்கு மண் நிரப்பும் வேலை, உட்கார்ந்தபடியே. பக்கத்தில் கழிப்பறையும் உண்டு. பாட்டில் நிறையத் தண்ணீர் கொண்டு போகிறேன்.

12 ஜூலை

2.3. மழையில் கேப் ரோட்டில் மண் சரிந்து ஐந்து மணி நேரம் பஸ்ஸிலேயே இருந்தோம்.

25 ஜூலை

நிமி மூணாறு வருகிற தோழி ஒருத்தியிடம் மாத்திரை கொடுத்துவிட்டிருக்கிறாள். மறுபடியும் அதே வலி மாத்திரை, இரண்டு மாதத்துக்கு. முந்தைய மாதம் வந்ததையும் டிரங்குப் பெட்டியில் போட்டு வைத்திருக்கிறேன். போனில் கேட்டால் போடுகிறேன் என்கிறேன். வலி எப்படி இருக்கு என்கிறாள். குறைஞ்சிருக்கு என்கிறேன். அது உண்மை, பாஸ்பேட் தூளால். அவள் தன் மாத்திரையால்தான் என்று நினைத்துச் சந்தோஷப்படுகிறாள்.

நான் என்ன செய்து கொண்டிருக்கிறேன்?

15 ஆகஸ்ட்

நிமி நேற்று மாலை வந்தாள். மூன்று நாள் லீவு. மெலிந்திருக்கிறாள். வந்ததும் மீன் குழம்பு கேட்டாள்.

16 ஆகஸ்ட்

சொல்லிவிட்டேன்.

ஸ்வெட்டர் தேடி டிரங்குப் பெட்டியைத் திறந்தவள் மாத்திரை அட்டைகளைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தாள். ஒன்றுகூடப் பிரிக்கவில்லை. ஏம்மா போடல என்று கேட்டாள். வலி இல்லை, அதனால் நிறுத்திவிட்டேன் என்று சொல்ல வாய் வரை வந்தது. அவள் கோபப்படவில்லை. எங்கே என் கால் வீங்கியிருக்கிறதோ என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த உச்சந்தலையைப் பார்த்ததும் என்னால் முடியவில்லை.

கிட்னியில் கோளாறு, தேனியில் காட்டுகிறேன், அந்த மாத்திரை கூடாது என்று சொல்லிவிட்டார்கள் என்றேன். தேனியில் எதற்கு, பெரியம்மா வீட்டுக்குத்தானே போனாய் என்றாள்.

“பதினாலு வருஷமா அங்கதான் மாத்திரை வாங்குறேன் நிமி. எச்.ஐ.வி.க்கு.”

மழைச் சத்தம் தகரத்தில். அவள் கட்டிலில் உட்கார்ந்தாள். நான் பயந்ததெல்லாம் ஒன்றுதான், தள்ளி உட்காருவாளோ என்று. தள்ளி உட்காரவில்லை. கை அப்படியே என் முழங்காலில் இருந்தது.

“அப்பாவா?”

தலையாட்டினேன்.

“எனக்கு?”

“இல்ல. உனக்கு ஏழு வயசுலயே பார்த்தாச்சு. இல்ல.”

மாத்திரை அட்டைகளைக் கட்டிலில் வைத்தாள். பிறகு டெனோஃபோவிரா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அவள் முகத்தில் கணக்கு ஓடுவது தெரிந்தது. மாத்திரை அட்டைகளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் மூணு மாசமா எதை மறைச்சேனோ அது அங்கயே, என் கண்ணு முன்னாடியே, அவளுக்குப் புரிஞ்சு போச்சு.

“அப்ப நான்தானம்மா...”

“இல்ல பிள்ள. நீ கேட்டே. ஈஸ்டர் அன்னைக்கு இதே கட்டில்ல உக்காந்து, வேற மாத்திரை சாப்பிடுறியான்னு கேட்டே. நான்தான் இல்லைன்னேன். தப்பு என்னுது.”

“பரீட்சையில இதைப் பத்தி ரெண்டு பக்கம் எழுதினேம்மா. இந்த மருந்தோட வலி மாத்திரை சேர்த்துக் குடுக்கக் கூடாதுன்னு எழுதினேன். நல்ல மார்க் குடுத்தாங்க.”

எழுந்து வெளியே போய்விட்டாள். சரஸ்வதியம்மாள் வீட்டு இறவாரத்தில் வெகு நேரம் நின்றாள்.

17 ஆகஸ்ட்

பேசவில்லை. சாப்பிட்டாள். தட்டைக் கழுவி வைத்தாள். பேசவில்லை.

18 ஆகஸ்ட்

முதல் பஸ்ஸில் போய்விட்டாள். போகும்போது மாத்திரை அட்டைகளையெல்லாம் பையில் எடுத்துப் போட்டுக்கொண்டாள். வாரேன் என்றாள். அவ்வளவுதான்.

அழவில்லை நான். பதினாலு வருஷம் நெஞ்சுக்குள் வைத்திருந்த ஒன்று வெளியே வந்துவிட்டது. அந்த இடம் காலியாக இருக்கிறது, வலிக்கவும் செய்கிறது. பொய் சொன்னவளுக்கு இது வேண்டும்தான்.

24 ஆகஸ்ட்

போன் இல்லை.

30 ஆகஸ்ட்

மாத்திரை நேரத்துக்கு ஒரு செய்தி வந்தது. ‘6-ஆம் தேதி எத்தனை மணிக்கு டாக்டரைப் பார்க்கணும்?’ என்று மட்டும். தேதி இவளுக்கு எப்படித் தெரியும்? கதவுக்குப் பின்னால் மாட்டியிருக்கும் காலண்டரின் செப்டம்பர் தாளில் வட்டம் போட்டிருந்ததைப் புரட்டிப் பார்த்திருப்பாள். பத்து மணி என்று பதில் போட்டேன். அதற்கு மேல் எழுத ஆசைதான். கை வரவில்லை.

6 செப்டம்பர்

நான் போய்ச் சேர்ந்தபோது நிமி சென்டர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கோயம்புத்தூரிலிருந்து விடிவதற்கு முன்பே பஸ் ஏறி வந்திருக்கிறாள். என்னைப் பார்த்ததும் நகர்ந்து இடம் விட்டாள். சித்ரா எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் உள்ளே போனாள்.

டாக்டரம்மாவிடம் கேட்க ஒரு நோட்டில் பதினோரு கேள்வி எழுதி வந்திருந்தாள். பாஸ்பேட் அளவு என்ன, சிறுநீரில் புரதம் எவ்வளவு போகிறது, லாமிவுடின் என்கிற இன்னொரு மருந்தின் அளவைக் குறைக்க வேண்டுமா, எலும்பு ஸ்கேன் எப்போது. டாக்டரம்மா ஒன்று விடாமல் பதில் சொன்னார். கடைசிக் கேள்வியை மட்டும் நிமி நோட்டைப் பார்க்காமல் கேட்டாள்.

“நான் குடுத்த மாத்திரையாலதான் இவ்வளவு ஆச்சா டாக்டர்?”

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். கடையில் வாங்கினேன் என்று நான் சொன்னது அவருக்கும் ஞாபகம் இருந்திருக்கும். பிறகு அவளிடம் சொன்னார்: இரண்டு வருஷமாக மெதுவாக நடந்து கொண்டிருந்ததைச் சில மாதத்தில் வேகப்படுத்தியது, அவ்வளவுதான். அதனால்தான் வெளியிலும் தெரிந்தது. மருந்தை நிறுத்தினால் திரும்புகிற வகை இது, திரும்பிக் கொண்டும் இருக்கிறது. ஒரு நர்ஸ் கேட்க வேண்டிய கேள்வியை நீ கேட்டிருக்கிறாய், பதில்தான் தப்பாக வந்தது என்றார்.

இன்றைய அளவு 2.0.

வெளியே வந்து பரோட்டாக் கடையில் உட்கார்ந்தோம். எனக்கு உப்பு குறைவாக இருக்க வேண்டும் என்று கடைக்காரரிடம் தகராறு செய்தாள். இலை வந்த பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னாள்:

“எனக்கு உன் மேல கோபம் இருக்கும்மா. கொஞ்ச நாளைக்கு இருக்கும். ஆனா ஆஸ்பத்திரித் தேதி மட்டும் என்கிட்ட சொல்லிரு.”

சரி என்றேன். பரோட்டா அவ்வளவு ருசியாக இருந்தது. உப்பே இல்லாமல்.

21 அக்டோபர்

இன்று நர்சரியிலிருந்து வீடு வரை இறங்கி வந்து, செருப்பைக் கழற்றும்போதுதான் ஞாபகம் வந்தது, இறங்கும்போது வலிக்கவில்லை. ஞாபகமே இல்லாமல் இறங்கியிருக்கிறேன்.

15 நவம்பர்

1.8. நிமி வர முடியவில்லை, வார்டில் பணிப் பயிற்சி. நான் எண்ணைச் சொல்லும்வரை இடைவேளையில் போனைக் கையில் வைத்துக்கொண்டே நின்றிருக்கிறாள். புரதம் எவ்வளவு என்றாள். ஒரு பிளஸ் என்றேன். முன்பு மூன்று பிளஸ். ம் என்றாள். அந்த ‘ம்’ எனக்குப் போதும்.

25 டிசம்பர்

நிமி கேக்கோடு வந்திருக்கிறாள். கோபம் தீர்ந்துவிட்டதா என்று நான் கேட்கவில்லை. நேற்று என் பக்கத்தில் படுத்துக்கொண்டு அப்பாவைப் பற்றிக் கேட்டாள். அவர் லாரி ஓட்டியது, மாட்டுப்பட்டி அணை ஓரத்தில் இவளைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு யானை பார்க்க நின்றது, கடைசி மாதங்களில் என் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தே பேசியது, எல்லாம் சொன்னேன். நீ அவரை மன்னிச்சிட்டியா என்றாள். தெரியல, எந்த நாள்ல மன்னிச்சேன்னு குறிச்சு வைக்கல, ஆனா இப்ப கோபம் இல்ல என்றேன்.

10 ஜனவரி 2025

1.6.

இதற்குக் கீழே இறங்காமலும் போகலாம் என்று டாக்டரம்மா சொன்னார். பழையபடி முழுசாக ஆகாது. ஆனால் இந்த அளவிலேயே பத்திரமாகப் பார்த்துக்கொண்டால் வெகு காலம் ஓட்டலாம். பாஸ்பேட் தூளை நிறுத்தியாயிற்று. எலும்பு தேறியிருக்கிறது, பளு குறைவாகத் தூக்கலாம், கொழுந்து எடுக்கப் போகலாம்.

கடைசியாக ஒன்று சொன்னார். இனி எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும், ஒரு பல் பிடுங்கப் போனாலும்கூட, என்ன மருந்து சாப்பிடுகிறேன், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று நானே முந்திக்கொண்டு சொல்ல வேண்டும். உடனே சரி என்றேன். பஸ் ஏறிய பிறகுதான் யோசித்தேன். எங்கள் எஸ்டேட் டிஸ்பென்சரியில் போய் அதை எப்படிச் சொல்வது?

20 ஜனவரி

எட்டு மாதத்துக்குப் பிறகு நிரையில் நின்றேன். பினு சார் மூட்டையைத் தூக்க ஆள் போட்டிருக்கிறார். விரல் மறந்துவிடவில்லை. சரஸ்வதியம்மாள் ஒரு நாள் முழுக்கப் பேசிக்கொண்டே இருந்தாள், எட்டு மாதம் சேர்த்து வைத்ததெல்லாம்.

13 பிப்ரவரி

கொழுந்து வெட்டும் கத்தரி நழுவி இடது உள்ளங்கை கிழிந்துவிட்டது. ஈரப் பாறையில் கால் வழுக்கியதுதான் காரணம். ரத்தம் நிற்கவில்லை. சரஸ்வதியம்மாள் தன் தலைத் துண்டை அவிழ்த்து என் கையைச் சுற்றி இறுக்கிப் பிடித்துக்கொண்டு டிஸ்பென்சரிக்கு நடத்திக் கூட்டிப் போனாள். வழியெல்லாம் அவள் விரலில் என் ரத்தம். விடு, நானே பிடிச்சுக்கறேன் என்று எத்தனை தடவை சொல்லியும் விடவில்லை.

சோனா சிஸ்டர் காயத்தைக் கழுவினார், கையுறை போட்டபடி. நாலு தையல் வேண்டும் என்றார். வலிக்கு ஓர் ஊசி போட்டுவிடுகிறேன் என்று மருந்துக் குப்பியை எடுத்தார். பெயரைப் பார்த்தேன். அதே வகை.

வாசலில் காய்ச்சலுக்கு வந்த இரண்டு பேர். பக்கத்தில் சரஸ்வதியம்மாள். நீ கொஞ்சம் வெளிய இரு என்று அவளிடம் சொல்லலாம். வெறும் கிட்னி என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்ளலாம். இரண்டையும் யோசித்தேன். சிஸ்டர் ஊசியில் மருந்தை இழுக்கத் தொடங்கிவிட்டார். நேரம் இல்லை. சரஸ்வதியம்மாளின் விரல்களைப் பார்த்தேன்.

“சிஸ்டர், அது எனக்குக் கூடாது. கிட்னி பாதி போச்சு. எச்.ஐ.வி.க்கு மாத்திரை சாப்பிடுறேன். வைரஸ் ரத்தத்துல தெரியாத அளவுலதான் இருக்கு. சரசு அக்கா, நீ முதல்ல கையைக் கழுவு.”

அவ்வளவும் ஒரே மூச்சில் வந்துவிட்டது. குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

சோனா சிஸ்டர் மருந்துக் குப்பியை ஒதுக்கினார். ஊசியைக் கீழே வைத்தார். சரஸ்வதியம்மாளைக் குழாயடிக்கு அனுப்பி, சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லி, கையில் எங்கேயாவது வெட்டு, கீறல் இருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒன்றும் இல்லை, பயப்பட வேண்டாம் என்றார். என் சீட்டை எடுத்தார். மருந்தின் பெயரைக் கேட்டார். சொன்னேன். எழுதினார். கிரியாட்டினின் எவ்வளவு என்றார். 1.6 என்றேன். எழுதினார். டி.டி. ஊசி கடைசியாக எப்போது போட்டது என்று கேட்டார். அடுத்த கேள்வி, அவ்வளவுதான். பாரசிட்டமால் கொடுத்தார். மரத்துப்போக மருந்து போட்டு, பொறுமையாக நாலு தையல் போட்டார்.

இறங்கி வரும்போது சரஸ்வதியம்மாள் எனக்கு முன்னால் நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. தண்ணீர்த் தொட்டி வரை வந்த பிறகு நின்றாள்.

“நிமிக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“அப்பச் சரி.”

அதற்கு மேல் கேட்கவில்லை. அவள் வேறு யாரிடமும் சொல்வாளா? தெரியாது. வாசலில் நின்ற இரண்டு பேர் காதில் விழுந்ததா? அதுவும் தெரியாது. சொல்லாதே என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

நிமியிடம் போனில் சொன்னேன். முதலில் காயத்தைப் பற்றி, பிறகு மற்றதை. நீயே சொன்னியாம்மா என்று இரண்டு தடவை கேட்டாள்.

14 பிப்ரவரி

கை விண்ணென்று தெறிக்கிறது. பத்து நாள் நனைக்கக் கூடாது. காலையில் அடுப்பு மூட்டப் பார்த்துக்கொண்டிருந்தபோது சரஸ்வதியம்மாள் கதவைத் தட்டினாள். ஒத்தக் கையால என்னத்தைப் பொங்கப் போற, வா என்று கூப்பிட்டாள்.

போனேன். அவள் வீட்டில் எல்லோரோடும் உட்கார்ந்து, அவர்கள் தட்டில் சாப்பிட்டேன். மத்தியானத்துக்கும் வரச் சொல்லியிருக்கிறாள். எனக்காகக் குழம்பில் உப்பைக் குறைத்துப் போடுகிறாளாம்.